குறளை ஜெர்மனிக்கு அனுப்பிய போதகர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் இரயில் வண்டியில் பயணம் செய்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியை அடுத்து வண்டி நிற்கும் இடம் நாசரேத். ஆழ்வாரின் திருநகரிக்கு அடுத்த நிலையம் நம் ஆண்டவர் வளர்ந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பனைமரங்களுக்கும் தேரிச் செம்மணலுக்கும் நடுவே கலிலேயாவின் பெயர் எழுதிய பலகையை முதன்முதல் காண்பவர் சற்றே திகைப்பர். இப்பகுதியில் வாழும் நமக்கோ அது பழகிப்போயிற்று.

அண்மையில் ஒரு திருமணத்தை முன்னிட்டு நாசரேத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. தங்கியிருந்த இல்லத்துப் பெரியவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சரித்திரத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். மாலைப் பொழுதில் தூய யோவான் ஆலயத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டியபின், தாம் கையால் எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்தார். நாசரேத்தில் பணியாற்றிய போதகர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. ஊரே தந்தையாகப் போற்றும் கனோன் மர்காஷிஸ் ஐயரின் பெயருக்கு எதிரே 1876 முதல் 1908 வரை என்று குறித்திருந்தார். அதற்குச் சில வரிகள் முன்னதாக ஒரு பெயர்: அ. பி. கேமரர், 1838 முதல் 1858 வரை.

“ஐயா, இவர் ஆங்கிலேயர் தாமே?” என்று கேட்டேன்.

“சங்கம் ஆங்கிலச் சங்கம். பெயர் ஆங்கிலப் பெயராகத் தோன்றவில்லை. அதற்குமேல் எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை” என்றார் அவர்.

அந்தப் பெயரை நான் வேறோர் இடத்தில் கண்டிருந்தேன். திருக்குறளின் அயல்மொழிப் பெயர்ப்புகளைப் பற்றிப் பேசும் நூல்களில் அது தவறாமல் வரும். ஆனால் அங்கே ஆண்டு 1803. இடம் நாசரேத் அன்று, தரங்கம்பாடி. நாசரேத்தில் இருபது ஆண்டுகள் உழைத்தவர், அந்தத் தரங்கம்பாடிக் கேமரரின் பெயரையே முழுவதும் தாங்கியவர், அக்குடும்பத்து வழிவந்தவர். மூத்தவரைப் பற்றி இம்மாதம் எழுதுவதென்று அன்றிரவே தீர்மானித்தேன்.

அவருடைய முழுப் பெயர் அகஸ்ட் பிரீட்ரிஷ் கேமரர். 1767ஆம் ஆண்டு பிறந்த ஜெர்மானியர். தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். லூத்தரன் சபைப் போதகராக, டென்மார்க் அரசரின் பெயரால் இயங்கிய மிஷனில் சேர்ந்து, 1791ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1803ஆம் ஆண்டு, ஜெர்மனியின் நியூரென்பெர்க் நகரில் அவர் மொழிபெயர்த்த ஒரு நூல் அச்சாகி வெளிவந்தது. ‘திருவள்ளுவரின் கவிதைகளும் சிந்தனைமொழிகளும்’ என்று பொருள்படும் தலைப்பு. தமிழ் மொழியிலிருந்து நேரே பெயர்த்தது என்று முகப்பிலேயே கண்டிருந்தது.

இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். திருக்குறள் தமிழிலே முதன்முதல் அச்சானது 1812ஆம் ஆண்டில். தஞ்சை நகரத்து மலையப்ப பிள்ளை குமாரர் ஞானப்பிரகாசன் என்பவர், சென்னையில் மாசதினச் சரிதை அச்சுக்கூடத்தில் அதைப் பதிப்பித்தார். எனவே, வள்ளுவர் தம் சொந்த மொழியில் அச்சேறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் மொழியில் அச்சேறிவிட்டார். நியூரென்பெர்க் நகரத்துக் குடும்பம் ஒன்று புத்தகக் கடையில் குறளை விலைக்கு வாங்கக்கூடிய காலத்தில், நெல்லைச் சீமையில் அது வேண்டுமாயின் ஏட்டைத் தேடிச் சென்று படியெடுக்க வேண்டியிருந்தது. இதை எண்ணிப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படியொரு நூல் வெளிவந்தது எளிதில் நடந்த காரியம் அன்று. ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் சென்றாலன்றி அதன் அருமை தெரியாது.

1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளிக்கூடம் நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் எழுத்தைக் கீறிக் கற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தவர் என்பதும் தெரியும். அவர் ஜெர்மன் மொழியிலும் ஏராளமாக எழுதினார் என்பதே நம்மிடையே அதிகம் தெரியாதது. தம்மிடம் சேர்ந்த தமிழ் ஏடுகளுக்கு 1708ஆம் ஆண்டிலேயே ஒரு பட்டியல் எழுதினார். அதில் திருக்குறளும் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழரின் சமய வாழ்வைப் பற்றி 1711ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலையும், தெய்வங்களின் வழிமுறையைப் பற்றி 1713ஆம் ஆண்டில் மற்றொரு நூலையும் எழுதித் தாயகத்திற்கு அனுப்பினார்.

அங்கே அவற்றை அச்சிட மனம் வரவில்லை. அஞ்ஞானத்தை அகற்றுவதற்கே ஆட்களை அனுப்பினோம். அஞ்ஞானக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது ஹாலே நகரத்து மேலிடத்தின் எண்ணம். கைப்பிரதிகள் பெட்டியில் உறங்கின. தெய்வங்களைப் பற்றிய நூல் 1867ஆம் ஆண்டு சென்னையில்தான் அச்சாயிற்று. 1711ஆம் ஆண்டு நூல் 1926ஆம் ஆண்டிலும், நீதிநூல்களின் மொழிபெயர்ப்பு 1930ஆம் ஆண்டிலும் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. எழுதியவர் 1719ஆம் ஆண்டு தமது முப்பத்தாறாம் வயதில் இறந்துபோனார். கொன்றைவேந்தனை ஜெர்மனியர் படிக்க இருநூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கும் கத்தோலிக்க வாசகர் எவரேனும், ‘அவர்கள் அப்படித்தான்’ என்று தலையசைத்துவிட வேண்டாம். நம் வீட்டிலும் இதே கதை நடந்ததுண்டு.

தமிழைக் கற்கும் ஐரோப்பியக் குருக்களின் வரிசை நம் முத்துக்குளித்துறையில்தான் தொடங்கியது. அண்டிரிக்கி அடிகளார் இக்கரையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சிட்டு, 1600ஆம் ஆண்டு உயிர்நீத்துத் தூத்துக்குடியில் அடக்கம் பெற்றார். அந்த வழியில் 1711ஆம் ஆண்டளவில் தமிழகம் வந்த வீரமாமுனிவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் விளக்கமாகப் பெயர்த்தார். ஏறக்குறைய 1730ஆம் ஆண்டைச் சேர்ந்த அப்பெயர்ப்பே ஐரோப்பிய மொழியில் குறளுக்குக் கிடைத்த முதற் பெயர்ப்பு. அது என்னவாயிற்று? கைப்பிரதியாகவே கிடந்தது. ‘தேம்பாவணி’யைத் தந்த பெருமகனின் இலத்தீன் குறளை அச்சிட நாமும் முன்வரவில்லை. உரோமையும் முன்வரவில்லை. அதன் கையெழுத்துப்படி கடைசியில் இலண்டன் நகரத்து நூலகத்தைச் சேர்ந்தது.

வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடியாருக்கும் இருந்த உறவு எத்தகையது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று அவர் எழுதிய நூல்கள் அனைத்தும் தரங்கம்பாடியாரை எதிர்த்து எழுதியவையே. அவர்களும் சும்மா இருந்தவர்கள் அல்லர். அன்றைய எழுத்துக்களில் இரு சாராரும் ஒருவரையொருவர் குறித்துப் பயன்படுத்திய சொற்களை இந்தக் குடும்ப இதழில் எடுத்துக் கூற எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அந்தப் பகைமைக்கு நடுவே, தஞ்சைச் சீமையின் ஒரு பக்கத்தில் இருந்த இயேசு சபைக் குருவும் மறு பக்கத்தில் இருந்த லூத்தரன் போதகர்களும் இரவு விளக்கின் முன் அமர்ந்து பிரித்துப் படித்த ஏடு ஒன்றே. அது வள்ளுவருடையது.

இனிக் கேமரருக்கு வருவோம். அவர் வந்திறங்கிய 1791ஆம் ஆண்டு, ஒரு பெரியவர் சென்னையில் கண்மூடிய ஆண்டுமாகும். அவர் பப்ரிசியுஸ். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிய கை அவருடையது. லூத்தரன் ஆலயங்களில் அவை இன்றும் ஒலிக்கின்றன. பப்ரிசியுஸ் ஜெர்மனியின் பாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பின்வந்தவர் தமிழின் பாட்டை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். கடன் திருப்பப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அன்றைய தரங்கம்பாடி அறிவாளிகள் நிறைந்த இடமாய் இருந்தது. மூத்தவரான ஜான் ஐயர் பள்ளிக்கூடங்களைப் பெருக்கியவர். ஔவையாரைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியவர். ராட்லர் ஐயர் செடிகொடிகளை ஆராய்ந்தவர். பின்னர்த் தமிழகராதி தொகுத்தவர். ஹாலேயிலும் காலம் மாறியிருந்தது. அறிவுக்கு முதலிடம் தரவேண்டும் என்ற எண்ணம் அங்கே ஓங்கியிருந்த காலம் அது. அயல்நாட்டு நீதிநூலை வரவேற்கும் மனம் அதனால் பிறந்தது. அதே காரணத்தால் மிஷனுக்குக் காணிக்கை கொடுக்கும் ஆர்வமும், கடல் கடந்து வரும் இளைஞர் தொகையும் குறைந்தன. சீகன்பால்குக்குப் பொருளும் ஆட்களும் கிடைத்தன, நூலை வெளியிட இசைவு கிடைக்கவில்லை. கேமரருக்கு நூல் வெளிவந்தது, மற்றவை வற்றத் தொடங்கின.

ஏட்டிலிருந்து குறளைப் படிப்பது எத்தகைய வேலை என்பதை நம் இளைய வாசகர்கள் ஊகித்துப் பார்க்க வேண்டும். பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று பொருளைக் கொண்டுதான் தெளிய வேண்டும். அந்தக் குறையைப் போக்கவே வீரமாமுனிவர் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார். இத்தனைக்கும் மேலே ஏழே சீரில் ஒரு கருத்தை அடக்கிவைக்கும் வள்ளுவரின் நடை; அதற்குப் பரிமேலழகர் போன்றாரின் உரை; அந்த உரையும் எளிதன்று. தமிழ்நாட்டிலே பிறந்து வளர்ந்தவரே ஆசிரியரின் காலடியில் இருந்து கற்க வேண்டிய நூல் அது. ஆகவே, கேமரரின் அருகே ஏட்டைப் பிரித்து அசை பிரித்து ஓதிக் காட்டிய தமிழ்ப் புலவர் ஒருவரோ பலரோ இருந்திருக்கவே வேண்டும். முகப்பிலே வள்ளுவர் பெயர் உண்டு. கேமரர் பெயர் உண்டு. அவருடைய பட்டமும் பதவியும் உண்டு. ஓதிக் கொடுத்தவர் பெயர் இல்லை. அக்காலத்து வழக்கம் அது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது உறுத்துகிறது.

மொழிபெயர்ப்பு உரைநடையில் அமைந்தது. அறமும் பொருளும் இடம்பெற்றன, காமத்துப்பால் இல்லை. வீரமாமுனிவரின் இலத்தீனிலும் அது இல்லை என்பதை முன்னரே கண்டோம். மண வாழ்வு துறந்த குருவானவர் இருபத்தைந்து அதிகாரங்களையும் ஒதுக்கியதில் வியப்பில்லை. மனைவி மக்களோடு வாழும் சபையைச் சேர்ந்த போதகரும் அவ்விடத்தில் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டதுதான் வேடிக்கை! கொள்கையில் ஒத்துப்போகாதவர்கள் கூச்சத்தில் ஒத்துப்போயினர். வள்ளுவரின் இல்லறம் மூன்றாம் பாலிலே தான் முழுமை பெறுகிறது என்பது என் எண்ணம். திருமண ஆயத்த வகுப்புகளில் அதைச் சொல்ல யாரும் துணிவதில்லை என்பது வேறு செய்தி.

எழுதிய காலமும் அமைதியான காலம் அன்று. ஐரோப்பாவில் நெப்போலியன் போர். டென்மார்க் பகைநாடாகிவிட்டது என்று 1801ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுத்தனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும். போர்க்காலத்தில் சேருமா என்பதே ஐயம். அப்படிப்பட்ட நாளில்தான் வள்ளுவர் நியூரென்பெர்க் போய்ச் சேர்ந்தார்.

இதே நாள்களில் நம் நெல்லைச் சீமையில் என்ன நடந்துகொண்டிருந்தது? பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த ஆண்டும் அந்த 1801தான். அடுத்த ஆண்டு கெரிக்கே ஐயர் என்ற மற்றொரு ஜெர்மானியப் போதகர் சென்னையிலிருந்து இப்பக்கம் சுற்றி வந்தார். அவரைத் தொடர்ந்து தஞ்சைச் சத்தியநாதன் ஐயர் வந்தார். 1802ஆம் ஆண்டிலும் 1803ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றனர். பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த எளியோர். ஊர் விலக்கும் அடியும் பொறாது ஓடியவர்களுக்கென்று புதிய குடியிருப்புகள் எழுந்தன. 1799ஆம் ஆண்டு தோன்றிய முதலூர் அவற்றுள் முதலாவது. முன்பு சாண்பத்து என வழங்கிய இடம் நாசரேத் ஆனதும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். எழுத்தறியாத ஓர் எளிய கூட்டம் தனக்கென்று ஒரு கிராமத்தையும் ஒரு பெயரையும் தேடிக்கொண்டிருந்த அதே வேளையில், அக்கூட்டத்தின் மொழியில் உள்ள மிகச் சிறந்த நூலை ஜெர்மானியர் விலை கொடுத்து வாங்கிப் படிக்கத் தொடங்கினர். இரண்டும் ஒரே மிஷன் மரபிலிருந்து கிளைத்தவை. கல்விச்சாலைகளால் நாசரேத் பெயர் பெற்றது இதற்குப் பிந்திய கதை.

கேமரரின் பிற்காலம் துயரம் தோய்ந்தது. 1808ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தரங்கம்பாடியை மீண்டும் பிடித்து 1815 வரை விடவில்லை. ஜான் ஐயர் 1813ஆம் ஆண்டு இறந்தார். ராட்லர் சென்னைக்குப் போய்விட்டார். உடனிருந்த ஷ்ரைவோகல் ஐயரும் 1820களில் ஆங்கிலச் சங்கத்தில் சேர்ந்து திருச்சிராப்பள்ளி சென்றார். ஹாலேயிலிருந்து புதியவர் வரவில்லை. 1706 முதல் ஒருவர்பின் ஒருவராக வந்த அந்த நீண்ட வரிசையில் கடைசி ஆளாக, வெறிச்சோடிய வீதிகளின் நடுவே, அவர் சபையையும் பள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1837ஆம் ஆண்டு காலமானார். நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே ஊரில்! எட்டு ஆண்டுகள் கழித்து டென்மார்க் அரசாங்கம் தரங்கம்பாடியையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது.

அவர் இறந்த மறு ஆண்டு, அதே பெயர் நாசரேத்தில் தோன்றுகிறது. இளையவர் ஜெர்மன் மொழியில் எழுதியவராகப் பேசப்படுவதில்லை. ஆங்கிலிக்கன் சங்கத்தின் போதகராகப் பனங்காட்டு மக்களிடையே உழைத்தவர். அவருக்கு வாய்த்த அயலாரைப் பாருங்கள்! 1841ஆம் ஆண்டு இடையன்குடிக்குக் கால்டுவெல் வந்து சேர்ந்தார். 1842ஆம் ஆண்டு சாயர்புரத்துக்கு இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவர் பெயர் ஜி. யூ. போப். குறளை ஜெர்மனில் முதன்முதல் தந்த குடும்பத்தின் பெயர் நாசரேத்தில் விளங்க, ஆங்கிலத்தில் முழுவதும் செய்யுளாகத் தரப்போகிறவர் சாயர்புரத்தில் இருந்தார். அவர்கள் சந்தித்தபோது வள்ளுவரைப் பற்றிப் பேசியிருப்பார்களா? பேசாமல் இருந்திருக்க முடியாது என்று நம்பவே எனக்கு ஆசை. எனினும் ஆசை சரித்திரம் ஆகாது.

குறளின் ஜெர்மன் பயணம் கேமரரோடு நிற்கவில்லை. லைப்சிக் லூத்தரன் மிஷனின் தலைவரான கார்ல் கிரவுல், 1849 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் தங்கித் தமிழ் கற்றுத் திரும்பி, 1856ஆம் ஆண்டு முப்பாலையும் ஜெர்மனில் தந்தார். கூச்சம் ஒருவழியாகக் கலைந்தது! அவர் தொடங்கிய இலத்தீன் பெயர்ப்பு, அவர் மறைந்தபின் 1865ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்த ஜெர்மன் வழியாகவே வள்ளுவர் ஆல்பர்ட் சுவைட்சரை அடைந்தார். சுவைட்சரும் ஒரு புரட்டஸ்தாந்து போதகர். ஜெர்மன் மொழியில் எழுதியவர். ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை கட்டி நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். இந்தியச் சிந்தனையைப் பற்றி 1935ஆம் ஆண்டு அவர் எழுதிய நூலில் குறளுக்குத் தனி இடம் கொடுத்தார். உலகைத் துறந்தோடாமல் உலகில் நின்று அன்பு செய்யச் சொல்லும் குரலை அவர் வள்ளுவரிடம் கேட்டார்; இத்தகைய உயர்ந்த ஞானம் திரண்ட நீதித்தொகுப்பு உலக இலக்கியத்தில் அரிது என்ற பொருள்பட எழுதினார். தமிழ்நாட்டு மேடைகளில் சுவைட்சரின் அந்தப் பாராட்டைக் கூறாத பேச்சாளர் இல்லை. அவருக்கு வழி திறந்த கேமரரின் பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

1977ஆம் ஆண்டு மதுரையிலிருந்து மற்றொரு ஜெர்மன் குறள் வெளிவந்தது. பெயர்த்தவர் அல்பிரெக்ட் பிரென்ஸ். இவரும் புரட்டஸ்தாந்து இறையியலாரே. ஆனால் இந்த முறை முகப்பில் இன்னொரு பெயரும் இணையாக அச்சாகியிருந்தது: கே. லலிதாம்பாள். தமிழ் கற்பித்து, பொருள் விளக்கி, உடன் உழைத்தவரின் பெயர் முகப்பில் ஏற நூற்றெழுபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு பெண்ணின் பெயராக ஏறியது.

இக்கட்டுரையை எழுதுவதாகச் சொன்னபோது நண்பர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். நற்செய்தி அறிவிக்க வந்தவர் நீதிநூலை மொழிபெயர்ப்பது வந்த வேலையை மறப்பதாகாதா என்றார். ஹாலேயில் எழுந்த அதே பழைய கேள்வி! இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கற்றவர் தாம் கற்றதிலேயே மூழ்கி, சபையைக் கைவிட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் கேமரரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. நூல் வந்தபின் அவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். புகழைத் தேடி ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. பல்கலைக்கழகத்தில் நாற்காலி தேடவில்லை. உதவி வற்றி, தோழர் கலைந்து, ஊர் பாழ்பட்டபோதும் தம் சிறு மந்தையை விட்டு அகலவில்லை. அடுத்தவர் வீட்டு நூலை மரியாதையோடு படித்தவர் தம் வீட்டை மறக்கவில்லை. அச்சத்தினால் நூல்களைப் பெட்டியில் பூட்டியவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வள்ளுவரைச் சிலர் செய்தது போலக் கிறிஸ்தவராக்கிப் பார்க்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. போப் ஐயருக்கு அந்தச் சபலம் இருந்தது. மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனை வள்ளுவர் காதில் விழுந்திருக்கும் என்று கருதினார். சான்று போதாது என்பதே என் துணிபு. அயலான் நல்லது சொன்னால் அவன் நம்மிடம் கடன் வாங்கித்தான் சொல்லியிருப்பான் என்று நினைப்பது அவ்வளவு நல்ல பழக்கமன்று.

ஆனால் போப் ஐயரைக் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. 1886ஆம் ஆண்டு இலண்டனில் தம் ஆங்கிலக் குறளை வெளியிட்டபோது, அவர் ஒரு பெருந்தன்மையான காரியம் செய்தார். நூற்றைம்பது ஆண்டுகளாகக் கைப்பிரதியாய்க் கிடந்த வீரமாமுனிவரின் இலத்தீனைத் தேடிப் படித்து, அதன் பகுதிகளைத் தம் நூலின் குறிப்புகளில் அச்சேற்றினார். நம் மாமுனிவரின் குறள், சாயர்புரத்து ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரின் கையால் அச்சைக் கண்டது.

நாசரேத்துப் பெரியவருக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். தம் குறிப்பேட்டில் கேமரர் பெயருக்கு எதிரே ஓரத்தில் ‘குறள், 1803’ என்று குறித்துக்கொண்டதாகப் பதில் எழுதியிருக்கிறார். 2003ஆம் ஆண்டில் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் தனியே அமைந்தபோது வெளியான பழைய படங்கள் சிலவற்றையும் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டையில் வாழ்ந்து 1838ஆம் ஆண்டு மறைந்த ரேனியுஸ் ஐயரைப் பற்றியும், அவரிடம் சில காலம் இருந்துவிட்டு மலையாளக் கரைக்குச் சென்ற குண்டர்ட் ஐயரைப் பற்றியும், குண்டர்ட்டின் பேரனாகப் பிறந்து ‘சித்தார்த்தா’ எழுதி நோபல் பரிசு பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸேயைப் பற்றியும் அடுத்த இதழில் காண்போம்.